நியூக்ளியான் சிதறல் கணக்கு பொருந்தாதபோது: அறிகுறியிலிருந்து பிழைக்கு

நிரல் ஓடி முடிந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் வரைபடத்தில் உங்கள் கோடு ஒரு பக்கம் போகிறது, அளவீட்டுப் புள்ளிகள் வேறு பக்கம் போகின்றன. அணுக்கருவின் மீது நியூட்ரானோ புரோட்டானோ சிதறுவதை ஒளியியல் மாதிரியில் (கருவை, துகளைச் சிதறடிக்கவும் உறிஞ்சவும் செய்கிற ஒரு சராசரி நிலையாற்றலாகக் கொள்ளும் மாதிரி) கணக்கிடுகிற எவரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்தே தீருவார். அப்போது கை தானாக நிலையாற்றலின் ஆழத்தை மாற்றப் போகும். அதை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

ஏனென்றால், இந்த நிலையாற்றலில் மெய்ப் பகுதி, கனஅளவு உறிஞ்சல், மேற்பரப்பு உறிஞ்சல், தற்சுழற்சிச் சுற்றுப்பாதைப் பகுதி என்று நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆழம், ஆரம், விளிம்பின் தடிமன் என மூன்று எண்கள். பன்னிரண்டு அளவுருக்கள் கையில் இருந்தால் நிரலில் உள்ள எந்தத் தவறையும் ஏறக்குறைய மூடிவிடலாம். மூடிய தவறு அடுத்த ஆற்றலில், அடுத்த அணுக்கருவில் மீண்டும் தலைகாட்டும். அதற்குள் தவறான அளவுருக்கள் உங்கள் அட்டவணையில் குடியேறியிருக்கும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் ஒரே கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்: 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) நியூட்ரான் ஈயம்-208 மீது சிதறுவது. நிலையாற்றலுக்கு 1969 இல் பெக்கெட்டியும் கிரீன்லீசும் தந்த பொது அளவுருக்கள். நிறை எண் 40க்கு மேலும் ஆற்றல் 50 மெ.எ.வோ.வுக்குக் கீழும் இருக்கும்போது பயன்படுத்த வந்தவை அவை. இன்று பலரும் 2003 இல் வந்த கோனிங், டெலரோஷ் அளவுருக்களையே எடுக்கிறார்கள். ஆனால் பிழை தேடும்போது கைக்கணக்கிலேயே சரிபார்க்க முடிகிற பழையதுதான் எனக்கு வசதி.

முதலில் மூன்று ஓட்டங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இவற்றைச் செய்யுங்கள். நிலையாற்றல் முழுவதையும் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள்: சிதறல் அணியின் உறுப்பு எஸ் (வெளிச்செல்லும் அலையைக் கரு எப்படி மாற்றுகிறது என்பதன் அளவு), எல்லாப் பகுதி அலைகளிலும் (கோண உந்த எண் எல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலை) சரியாக 1 ஆக வர வேண்டும். பிறகு மெய்ப் பகுதிகளை மட்டும் திறந்து ஓட்டுங்கள். எஸ் ஒரு கலப்பெண்ணாக மாறும், ஆனால் அதன் அளவு 1 ஆகவே நிற்க வேண்டும், ஆறு தசம இடங்கள் வரையாவது. மூன்றாவதாக உறிஞ்சலைத் திறந்தால் அளவு 1க்குக் கீழே இறங்க வேண்டும். கோண உந்தம் கூடக் கூட அது மீண்டும் 1க்கு ஏற வேண்டும்.

முதல் ஓட்டம் தவறினால் பிழை பெசல் சார்புகளிலோ (கருவுக்கு வெளியே உள்ள அலைச்சார்புகள்), அவற்றோடு உள் அலைச்சார்பைப் பொருத்தும் இடத்திலோ, தொகையிடலிலோ இருக்கிறது. இரண்டாவது தவறினால், மெய்ப் பகுதியில் எங்கோ கலந்துவிட்ட கற்பனை எண்ணில். மூன்றாவது தவறினால் குறியில். இந்த மூன்றும் சரியாக வந்த பிறகுதான் கீழே உள்ள பட்டியலுக்கு வாருங்கள்.

அறிகுறி: எஸ்-இன் அளவு ஒன்றைத் தாண்டுகிறது, அல்லது வினைக் குறுக்குவெட்டு எதிர்மறையாக வருகிறது

வினைக் குறுக்குவெட்டு, அணுக்கரு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு. ஆகவே அணுக்கரு துகள்களை விழுங்குவதற்குப் பதிலாகப் பெற்றுத் தருகிறது என்று பொருள். குறி எங்கோ புரண்டிருக்கிறது. வழக்கமான நேர மரபில் கற்பனைப் பகுதி எதிர்க்குறியுடன் நிலையாற்றலில் சேர வேண்டும். கனஅளவு உறிஞ்சலில் இதை யாரும் தவறவிடுவதில்லை. மேற்பரப்பு உறிஞ்சலில்தான் தடுமாற்றம். அது வுட்ஸ்–சாக்சன் வடிவத்தின் (உள்ளே தட்டையாக இருந்து விளிம்பில் மெல்ல இறங்குவது) முதல் வகைக்கெழு. வடிவம் வெளியே போகப் போக இறங்குவதால் வகைக்கெழு ஏற்கெனவே எதிர்மறையானது. அதன் முன்னால் இன்னொரு எதிர்க்குறியை எழுதிவிட்டால் உறிஞ்சல் உமிழ்தலாகிவிடும்.

பெரிய கோண உந்தங்களில் மட்டும், அதுவும் ஐந்தாம் ஆறாம் தசம இடத்தில் மட்டும் 1ஐத் தாண்டினால் அது இயற்பியல் பிழை இல்லை. பொருத்து ஆரத்தில் வெளி அலைச்சார்புகள் துல்லியமாக இல்லை. ஒழுங்கான சார்பு, ஒழுங்கற்ற சார்பு இரண்டின் ரான்ஸ்கியன் (ஒவ்வொன்றையும் மற்றதன் வகைக்கெழுவால் பெருக்கிக் கழித்தது) ஒவ்வொரு எல்-க்கும் 1 ஆக வருகிறதா என்று அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிழை உண்டு. அது சத்தமே போடாது. பெக்கெட்டி–கிரீன்லீஸ் தரும் நியூட்ரானின் கனஅளவு உறிஞ்சல் இது: ஆற்றலை 0.22 ஆல் பெருக்கி 1.56ஐக் கழிக்க வேண்டும், "அல்லது பூஜ்யம், எது பெரிதோ அது". நிரலில் எழுதும்போது அந்தப் பின்வால் நழுவிவிடும். 14.1 மெ.எ.வோ.வில் விடை 1.54; எந்தக் குறையும் தெரியாது. 7.1 மெ.எ.வோ.வுக்குக் கீழே போனதும் அது எதிர்மறையாகிறது. 2 மெ.எ.வோ.வில் −1.12. ஆனால் அங்கே மேற்பரப்பு உறிஞ்சல் வலுவாக இருப்பதால் எஸ்-இன் அளவு 1ஐத் தாண்டாமலே போகலாம். வினைக் குறுக்குவெட்டு மட்டும் கொஞ்சம் குறைவாக வரும், நீங்களும் "மாதிரி அவ்வளவுதான்" என்று கடந்துபோவீர்கள். நான் எழுதிய ஒரு நிரலில் இந்த ஒரு வரி விடுபட்டுப் பல வாரங்கள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து எந்த அளவுருத் தொகுப்பாக இருந்தாலும், கணக்கு தொடங்கும் முன் ஆழங்களை ஆற்றல்வாரியாக ஒரு பட்டியலாக அச்சிட்டு, குறி மாறும் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போகிறேன்.

அறிகுறி: வடிவம் சரி, உயரம் மட்டும் ஒரே விகிதத்தில் தவறு

பத்து மடங்கு என்றால் அலகு. ஃபெர்மி நீளத்தின் அலகு, பார்ன் குறுக்குவெட்டின் அலகு; ஒரு சதுர ஃபெர்மி என்பது 10 மில்லிபார்ன். அந்தப் பத்து எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

கார்பன் போன்ற லேசான கருவில் முன்கோணத்தில் 17 சதவீதம் இடித்தால் ஆய்வகச் சட்டத்துக்கும் (இலக்குக் கரு ஓய்வில் இருப்பது) நிறைமையச் சட்டத்துக்கும் (மொத்த உந்தம் பூஜ்யமாக இருப்பது) இடையிலான மாற்றத்தைப் பாருங்கள். பூஜ்யக் கோணத்தில் அந்த விகிதம், 1உடன் நிறை விகிதத்தைக் கூட்டி வர்க்கப்படுத்தியது. கார்பன்-12க்கு அது 1.17. ஈயத்தில் இதே தவறு ஒரு சதவீதம்தான் காட்டும், அதனால் ஈயத்தில் சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

அளவீடுகளே ஒரு சில சதவீதம் மொத்தமாக ஏறியோ இறங்கியோ இருக்கலாம். கட்டுரையில் அளவுத்திட்டப் பிழை என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதைப் படிக்காமல் அளவுருக்களை நெளிக்க வேண்டாம்.

அறிகுறி: பள்ளங்கள் தவறான கோணத்தில் விழுகின்றன

இதுவே எனக்குப் பிடித்த அறிகுறி, ஏனென்றால் இது நிறையப் பேசும். கோணப் பரவலின் பள்ளங்கள் ஒளியின் விளிம்பு வளைவு போலத்தான் உருவாகின்றன. அடுத்தடுத்த பள்ளங்களின் இடைவெளி, ஏறக்குறைய π என்ற எண்ணை அலை எண்ணாலும் கருவின் ஆரத்தாலும் வகுத்தால் வருவது. நமது எடுத்துக்காட்டில் அலை எண் ஃபெர்மிக்கு 0.82. ஆரத்தை 7.4 ஃபெர்மி என்று கொண்டால் பெருக்கல் 6.1, இடைவெளி சுமார் 30 பாகை. உங்கள் வரைபடத்தில் இடைவெளி 20 என்றோ 45 என்றோ இருந்தால் நிலையாற்றலின் நுணுக்கங்களுக்குள் போகவே வேண்டாம். அலை எண்ணோ ஆரமோ தவறு.

அலை எண்ணைச் சரிபார்க்க: குறைந்த நிறையை அணுநிறை அலகிலும், நிறைமைய ஆற்றலை மெ.எ.வோ.விலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு, 0.2187 ஆல் பெருக்குங்கள். ஈயத்துக்கு நிறைமைய ஆற்றல் 14.03, குறைந்த நிறை 1.004. விடை 0.821 வர வேண்டும். ஆய்வக ஆற்றலையே அப்படியே போட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. கார்பனில் 14.1 என்பது 13.0 ஆகக் குறைகிறது, அதுவும் சேர்ந்து பள்ளத்தை நகர்த்தும். கோணத்தையும் மறக்காதீர்கள்: கார்பனில் நிறைமையச் சட்டத்தின் 90 பாகை, ஆய்வகத்தில் 85.2 பாகை.

ஆற்றல் ஏறினால் சார்பியல் உள்ளே வருகிறது. 200 மெ.எ.வோ. புரோட்டானின் உந்தம் பழைய சூத்திரத்தில் 613 மெ.எ.வோ./c, சார்பியல் சூத்திரத்தில் 644. ஐந்து சதவீத வேறுபாடு. 40 பாகையில் விழ வேண்டிய பள்ளம் 42இல் விழும். 65 மெ.எ.வோ.விலேயே இது 1.7 சதவீதம். நல்ல அளவீடுகள் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும். இதை ஆரத்தைக் கூட்டிச் சரிசெய்தவர்களின் ஆரங்கள், ஆற்றலோடு சேர்ந்து காரணமில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். அப்படியொரு போக்கை உங்கள் அட்டவணையில் பார்த்தால் அது அணுக்கருவின் குணம் என்று நினைக்கும் முன் இயக்கவியலைப் பாருங்கள்.

அலை எண் சரி, ஆரமும் சரி, ஆனாலும் எல்லாப் பள்ளமும் சற்றே தள்ளி நிற்கிறதா? மெய்ப் பகுதியின் ஆழத்தில் நியூட்ரான் மிகுதியைச் சேர்த்த குறியைப் பாருங்கள். ஈயம்-208இல் 126 நியூட்ரான், 82 புரோட்டான். மிகுதியை நிறை எண்ணால் வகுத்தால் 0.2115. பெக்கெட்டி–கிரீன்லீஸ் இதை 24 ஆல் பெருக்கி நியூட்ரானுக்குக் கழிக்கிறார்கள், புரோட்டானுக்குக் கூட்டுகிறார்கள். பெருக்கினால் 5.1 மெ.எ.வோ. குறி புரண்டால் ஆழம் 10 மெ.எ.வோ. பிசகும். சரியாகப் போட்டால் நம் நியூட்ரானுக்கு ஆழம் 46.7. அதே ஆற்றலில் புரோட்டானுக்குக் கூலும் திருத்தமாக இன்னொரு 5.5 சேர்ந்து 60ஐத் தொடுகிறது. ஒரே கரு, ஒரே ஆற்றல், ஆனால் புரோட்டான் 13 மெ.எ.வோ. ஆழமான கிணற்றைப் பார்க்கிறது. இதை முதல்முறை கையால் கணக்கிட்டுப் பார்த்தபோது அடைந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நியூட்ரான் மிகுந்த கருவில் புரோட்டானுக்குப் பங்காளிகள் அதிகம், இந்த ஆழத்தில் பெரும்பகுதிக்கு அதுவே காரணம்.

அறிகுறி: பின்கோணங்களில் ரம்பப் பல் போன்ற நெளிவு

பகுதி அலைகளைச் சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள். பின்கோணத்தில் பெரிய எண்கள் ஒன்றையொன்று அழித்துச் சிறிய விடை வருகிறது. கடைசி அலைகள் இல்லாவிட்டால் அந்த அழிப்பு அரைகுறையாக நிற்கும். அலை எண்ணை ஆரத்தால் பெருக்கி அதோடு நிறுத்துவது போதாது. நிலையாற்றலின் வால் முடியும் இடம்வரை கணக்கிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஆரம்வரை 6 அலைகள் என்றாலும் 15 வரை போவதே பாதுகாப்பு. ஈயத்தின் மீது 65 மெ.எ.வோ. புரோட்டானுக்கு 25க்கு மேல். எண்ணிக்கையை ஊகிப்பதைவிட, ஒன்றிலிருந்து எஸ்-இன் தூரம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டுமாறு நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: படிநீளத்தைக் குறைத்தாலும் விடை நிலைக்கவில்லை

நியூமெரோவ் முறையில் (அலைச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தொகையிடும் முறை) படிநீளத்தைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காக வேண்டும். ஒவ்வொரு எல்-க்கும் தனித்தனியே இதைப் பாருங்கள். மற்ற எல்லாம் ஒழுங்காகக் குறைந்து, எல் = 1 மட்டும் மெதுவாகக் குறைந்தால் காரணம் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. மையத்தில் அலைச்சார்பு பூஜ்யம். அதனால் மையவிலக்குப் பெருக்கமும் பூஜ்யம் என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். எல் = 1க்கு அது உண்மையில்லை. அலைச்சார்பு ஆரத்தின் வர்க்கமாகப் போகிறது, மையவிலக்குப் பகுதி 2ஐ ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. பெருக்கினால் மையத்தில் 2 மிஞ்சுகிறது. அந்த 2ஐச் சேர்த்தால் சரியாகிவிடும்.

பெரிய எல்-களில் மையத்துக்கு அருகே அலைச்சார்பு கணினி தாங்க முடியாத அளவு சிறிதாகும். அங்கே தொகையிடலைச் சற்று வெளியே தொடங்குங்கள். பொருத்து ஆரத்தையும் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். ஈயத்துக்கு 10 ஃபெர்மியில் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே நிலையாற்றல் இன்னும் சாகவில்லை. விளிம்புத் தடிமன் 0.75 என்றால் 10 ஃபெர்மியில் மெய்ப் பகுதி முக்கால் மெ.எ.வோ. அளவில் மிஞ்சியிருக்கும். 15க்கு மேல் போங்கள், பிறகு 18இலும் பொருத்திப் பார்த்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: புரோட்டான் கணக்கில் முன்கோணம் ரூதர்ஃபோர்டை நெருங்கவில்லை

ரூதர்ஃபோர்டு சூத்திரத்துக்கான (மின்விலக்கத்தால் மட்டும் வரும் சிதறல்) விகிதம் முன்கோணத்தில் 1க்கு வர வேண்டும். மின்னேற்றத்தடைக்கு மிகக் கீழே ஆற்றலை இறக்கினால் எல்லாக் கோணத்திலும் 1 ஆக வேண்டும். வரவில்லையென்றால் கூலும் வீச்சைப் பகுதி அலைகளாகக் கூட்டியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டல் எத்தனை அலை சேர்த்தாலும் குவியாது. கூலும் வீச்சை மூடிய சூத்திரத்தில் எழுதி, அணுக்கருப் பகுதியை மட்டும் அலைகளாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு அலையோடும் அதன் கூலும் கட்டப் பெயர்ச்சியின் இருமடங்கு செல்ல வேண்டும். அதை விட்டால் முன்கோணம் சரியாக இருக்கும், இடைக்கோணங்களில் குறுக்கீடு மட்டும் குலைந்திருக்கும்.

கருவுக்குள் கூலும் நிலையாற்றல் சீரான கோளத்துடையது. உள்சூத்திரமும் வெளிச்சூத்திரமும் எல்லையில் ஒரே மதிப்பைத் தருகின்றனவா என்று ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். உள்சூத்திரத்தில் விட்டுப்போன அரை என்ற காரணி அங்கே பிடிபடும். இன்னொன்று: புரோட்டானுக்கு மொத்தக் குறுக்குவெட்டு என்று ஒரு முடிவுள்ள எண் கிடையாது. நிரல் அப்படியொன்றை அச்சிட்டால் அதை நம்பாதீர்கள்.

அறிகுறி: பகுப்பாய்வுத் திறன் தலைகீழாக, அல்லது பாதியாக

பகுப்பாய்வுத் திறன் என்பது, தற்சுழற்சி ஒரு திசையில் சாய்ந்த கற்றை இடப்பக்கமும் வலப்பக்கமும் சிதறுவதில் உள்ள வேறுபாட்டின் அளவு. எல்லாக் கோணங்களிலும் குறி மட்டும் மாறியிருந்தால் உங்கள் இயற்பியல் சரி, மரபு தவறு. துணை லெஜாண்டர் சார்பை நூலகத்திலிருந்து எடுக்கும்போது அதில் காண்டன்–ஷார்ட்லி குறி (மரபால் சேர்க்கும் ஓர் எதிர்க்குறி) ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நேர்த்திசை என்பது உள்வரும் உந்தத்தையும் வெளிச்செல்லும் உந்தத்தையும் அந்த வரிசையில் குறுக்குப் பெருக்கினால் வருவது. 1970 இன் மேடிசன் மரபு அதுதான்.

அளவு ஏறக்குறைய பாதி அல்லது இரட்டிப்பு என்றால் தற்சுழற்சிச் செயலியைப் பாருங்கள். சிலர் கோண உந்தத்தைத் தற்சுழற்சியோடு பெருக்கி எழுதுகிறார்கள், சிலர் பாவ்லி அணியோடு. இரண்டுக்கும் சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம். பெக்கெட்டி–கிரீன்லீஸ் தரும் 6.2 மெ.எ.வோ. பாவ்லி மரபில் உள்ளது. அதை மற்ற மரபில் எழுதிய நிரலில் போட்டால் விசை பாதியாகிவிடும். இதில் குழப்பத்தைக் கூட்ட இன்னொரு 2 உண்டு: பையான் அலைநீள வர்க்கம், 2.00 சதுர ஃபெர்மி. அது வேறு, இது வேறு. ஒன்றை மற்றதால் ஈடுசெய்துவிட்டதாக நினைத்து இரண்டையும் விட்டவர்கள் உண்டு. எல் = 1க்கு செயலியின் இரு மதிப்புகளையும் அச்சிடுங்கள். பாவ்லி மரபில் 1, −2. மற்றதில் அரை, −1.

அறிகுறி: குறைந்த ஆற்றலில் கணக்கின் பள்ளங்கள் ஆழம், அளவீட்டில் ஆழமே இல்லை

இந்த அறிகுறியில்தான் அதிகம் பேர் வழிதவறுகிறார்கள். நானும் வழிதவறி ஒரு பருவம் முழுவதையும் இழந்தேன், அதனால் இதை விரித்து எழுதுகிறேன்.

சில மெ.எ.வோ. ஆற்றலில் நியூட்ரான் சிதறலைக் கணக்கிடுகிறீர்கள். முன்கோணம் அழகாகப் பொருந்துகிறது. பள்ளங்களில் மட்டும் அளவீடு கணக்குக்கு மேலே, பல மடங்கு மேலே நிற்கிறது. பள்ளத்தை நிரப்பச் சுலபமான வழிகள் உண்டு: விளிம்புத் தடிமனை மாற்றலாம், உறிஞ்சலை மாற்றலாம். மாற்றினால் கோடு புள்ளிகளின் மேல் போய் உட்காரும், பொருத்த எண்ணும் (கோடு புள்ளிகளிலிருந்து விலகுவதன் அளவு) குறையும். நான் செய்தது அதுதான். பிறகு அதே உறிஞ்சலை வைத்து வினைகளைக் கணக்கிட்டபோது எதுவும் கூடவில்லை.

நிரலில் பிழை இல்லை. விட்டுப்போனது ஒரு முழு நிகழ்வு. ஒளியியல் மாதிரி கணக்கிடுவது வடிவ மீட்சிச் சிதறலை மட்டுமே. அதாவது நியூட்ரான் கருவின் சராசரிப் புலத்தில் வளைந்து வெளியேறுவதை. அணுக்கரு உறிஞ்சிய நியூட்ரான் கூட்டு அணுக்கருவாகிச் சற்றுத் தாமதித்து, சில சமயம் அதே ஆற்றலோடு, கருவை அடிநிலையிலேயே விட்டுவிட்டு வெளியே வரலாம். அளவிடும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் மீட்சிச் சிதறல் என்றே எண்ணும். கூட்டு அணுக்கருவின் வழியாக வருவது முன்னும் பின்னும் 90 பாகையைச் சுற்றிச் சமச்சீராக, கிட்டத்தட்டத் தட்டையாகப் பரவும். மலையில் அது தெரியாது, பள்ளத்தில்தான் தெரியும்.

இதைக் கண்ணால் பார்க்க ஈயம்-208ஐ விடச் சிறந்த இடம் இல்லை. அதன் முதல் கிளர்நிலை 2.615 மெ.எ.வோ.வில் இருக்கிறது. ஆகவே 2 மெ.எ.வோ. நியூட்ரானுக்கு மீட்சியற்ற வழி எதுவும் திறந்திருக்கவில்லை. கவர்தல் நடக்கும், ஆனால் அது மிகச் சிறியது. உறிஞ்சப்பட்ட நியூட்ரான் ஏறக்குறைய எல்லாமே வந்த வழியே திரும்பியாக வேண்டும். நிரலோ வினைக் குறுக்குவெட்டு என்று ஒரு பெரிய எண்ணை அச்சிடுகிறது. அளவீட்டில் மீட்சியற்ற குறுக்குவெட்டு கிட்டத்தட்டப் பூஜ்யம். இதைப் பார்த்து நிரல் தவறு என்று உறிஞ்சலைக் குறைக்கிறவர்கள் உண்டு. நிரல் சொன்னது "இத்தனை நியூட்ரான் உள்ளே போனது" என்பது மட்டுமே. எங்கே வெளியே வந்தது என்பதை அதனிடம் நாம் கேட்கவில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. மொத்தக் குறுக்குவெட்டைப் பாருங்கள். வடிவ மீட்சியும் உறிஞ்சலும் சேர்ந்ததுதான் மொத்தம். உறிஞ்சியது எந்த வழியாகத் திரும்பினாலும் மொத்தம் மாறாது. ஆற்றலில் சராசரி எடுத்த மொத்தக் குறுக்குவெட்டு அளவீட்டோடு ஒத்துப்போய், கோணப் பரவலின் பள்ளங்கள் மட்டும் ஒத்துப்போகாவிட்டால், கூட்டு அணுக்கருப் பங்கைத் தனியே கணக்கிட்டுக் கூட்டுங்கள். 1952 இன் ஹவுசர்–ஃபெஷ்பாக் சூத்திரம் தொடக்கத்துக்குப் போதும். திறந்திருக்கும் வழிகள் சிலவாக இருந்தால் அகல ஏற்றத்தாழ்வுத் திருத்தமும் வேண்டும். உள்ளே வந்த வழியும் வெளியே போகும் வழியும் ஒன்றாக இருக்கும்போது அந்த வழிக்குக் கூடுதல் பங்கு கிடைக்கிறது. மீட்சிச் சிதறல் அப்படிப்பட்ட வழிதான். ஆற்றல் 10 மெ.எ.வோ.வை நெருங்கும்போது கனமான கருக்களில் மற்ற வழிகள் ஏராளமாகத் திறந்துவிடும், இந்தப் பங்கு மங்கிப்போகும். அளவுருக்களைப் பொருத்துவதாக இருந்தால் அந்த ஆற்றலிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கீழிருந்து மேலே போகாதீர்கள்.

பள்ளம் நிரம்ப அளவீட்டுத் தரப்பிலும் காரணங்கள் இருக்கலாம்: கருவியின் கோண அகலம், மாதிரிப் பொருளுக்குள் இரண்டு முறை சிதறிய நியூட்ரான்கள். கணக்கை அந்தக் கோண அகலத்தில் சராசரி எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: ஈயத்தில் எல்லாம் பொருந்துகிறது, யுரேனியத்தில் எதுவும் பொருந்தவில்லை

யுரேனியம்-238 உருண்டை இல்லை; நீண்ட கரு. அதன் முதல் கிளர்நிலை 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலேயே இருக்கிறது, அடுத்தது 148இல். நியூட்ரான் வந்தால் கரு சுழலத் தொடங்கிவிடும். அந்தச் சுழற்சி நிலைகளை அடிநிலையோடு பிணைத்துத் தீர்க்க வேண்டும். எசிஸ், ஃப்ரெஸ்கோ போன்ற நிரல்கள் இதைச் செய்கின்றன.

இங்கே இரண்டு பொறிகள். கோள வடிவக் கருவுக்கு வந்த மேற்பரப்பு உறிஞ்சலை அப்படியே எடுத்துப் பிணைந்த தடங்களின் கணக்கில் போட்டால், சுழற்சி நிலைகளுக்குப் போகும் இழப்பு இரண்டு முறை எண்ணப்படும்: ஒருமுறை உறிஞ்சலாக, ஒருமுறை தடமாக. உறிஞ்சலைக் குறைத்தாக வேண்டும். இரண்டாவது, பல அளவீடுகளில் 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியைக் கருவி பிரித்துப் பார்க்கவே முடியாது. "மீட்சி" என்று அட்டவணையில் இருப்பது அடிநிலை, முதல் நிலை, சில சமயம் இரண்டாம் நிலையும் சேர்ந்த தொகை. கணக்கிலும் அவற்றைக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். தனி மீட்சியை அந்தப் புள்ளிகளோடு பொருத்துவது வீண் வேலை.

அறிகுறி: பொருத்தம் அபாரம், அளவுருக்கள் அபத்தம்

கோடு புள்ளிகளின் மேல் ஓடுகிறது, ஆனால் ஆரக் குணகம் (நிறை எண்ணின் கனமூலத்தோடு பெருக்கினால் ஆரம் தருவது) 1.35க்குப் போய்விட்டது, ஆழம் 35க்கு இறங்கிவிட்டது. பயப்பட வேண்டாம், ஆனால் ஏற்கவும் வேண்டாம். ஒரே ஓர் ஆற்றலின் மீட்சிச் சிதறலால் ஆழத்தையும் ஆரத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆழத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது ஏறக்குறைய மாறாமல் இருந்தால் போதும், கோடு அசையாது. நம் எடுத்துக்காட்டில் ஆரக் குணகத்தை 1.17இலிருந்து 1.22ஆக்கினால் ஆழம் 46.7இலிருந்து 43க்கு இறங்கும். வரைபடத்தில் வித்தியாசம் காண்பது கடினம்.

எனவே வடிவ எண்களைப் பொது அளவுருக்களில் கட்டிவைத்துவிட்டு ஆழங்களை மட்டும் முதலில் விடுங்கள். ஆழங்களில் நிலைத்த பிறகு ஆரங்களை ஒவ்வொன்றாக அவிழுங்கள். பகுப்பாய்வுத் திறனுக்கான அளவீடு இருந்தால் அதையும் சேர்த்துப் பொருத்துங்கள், தற்சுழற்சிப் பகுதி அலைபாய்வது நிற்கும். நியூட்ரானுக்கு மொத்தக் குறுக்குவெட்டையும் சேருங்கள். 14 மெ.எ.வோ.வில் ஈயத்துக்கு அது 5.4 பார்ன் அளவில் இருக்கிறது. அதிலிருந்து விக் வரம்பைக் (பூஜ்யக் கோணக் குறுக்குவெட்டின் கீழ் எல்லை) கணக்கிட்டால், பூஜ்யக் கோணத்தில் ஒரு ஸ்டெரேடியனுக்கு 12.4 பார்னுக்குக் குறையாமல் வர வேண்டும். பொருத்திய கோடு அதற்குக் கீழே போகிறதென்றால் வரைபடத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் நிரல், மொத்தக் குறுக்குவெட்டை முன்னோக்கிய வீச்சோடு இணைக்கும் ஒளியியல் தேற்றத்தையே மீறுகிறது. அலகையும் வீச்சின் முன்னால் உள்ள காரணியையும் பாருங்கள்.

அளவுருக்களை ஒப்பிடும்போது ஆழத்தை ஆழத்தோடு ஒப்பிடாமல், மெய்ப் பகுதியின் கனஅளவுத் தொகையை நிறை எண்ணால் வகுத்து ஒப்பிடுங்கள். நம் ஈயக் கணக்கில் அது சுமார் 350 மெ.எ.வோ. கன ஃபெர்மி. அண்டை அணுக்கருவில் உங்கள் பொருத்தம் 340 தந்தால், ஆழமும் ஆரமும் எவ்வளவு வினோதமாக இருந்தாலும் கிணறு ஏறக்குறைய அதே கிணறுதான். 250 தந்தால் ஆரத்தைக் கட்டிவைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் 250ஐ விட்டு ஏறாவிட்டால் மேலே உள்ள மூன்று ஓட்டங்களுக்குத் திரும்பிப் போங்கள்.